ஒக்ஸ்நார்ட்டிலிருந்து ஒரு கடிதம்

1903ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துக் கரையோரச் சிற்றூரான ஒக்ஸ்நார்ட்டிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. அதனை எழுதியவர் ஜே. எம். லிசாராஸ் என்னும் மெக்சிக்கர். அது எழுதப்பட்டது அமெரிக்கத் தொழிற் சம்மேளனத்தின் தலைவரும், அந்நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தில் அக்காலத்தே எதிர்ப்பாரற்ற செல்வாக்குடையவருமான சாமுவேல் கொம்பர்ஸுக்கு. வயல்வேலைக்காரரின் சிறு சங்கமொன்று மாபெரும் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை வேண்டி நின்றது. சம்மேளனம் ஒரு நிபந்தனையுடன் அதனைத் தர இசைந்தது. அந்த நிபந்தனையின்பேரில் அங்கீகாரம் தமக்கு வேண்டாமென்று லிசாராஸ் எழுதினார். தொழிலாளர் வரலாற்றிலே வெற்றி முழக்கங்கள் பல உண்டு. அவற்றுள் எதனையும்விட இந்த மறுப்புக் கடிதம் சிந்தனைக்குரியது. அதில் எழுப்பப்பட்ட வினாவுக்கு விடை காண அந்நாட்டுத் தொழிற்சங்கங்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

ஒக்ஸ்நார்ட் ஊர் சீனிக்காகத் தோன்றியது. பீற்றூட் இனத்தைச் சேர்ந்த கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் பெருந் தொழிற்சாலையொன்று 1898இல் அங்கே நிறுவப்பட்டது. கிழங்கு வயல்களிலே குனிந்து நின்று களை பிடுங்கவும் செடிகளை ஐதாக்கவும் மனிதக் கைகள் தேவைப்பட்டன. யப்பானியரும் மெக்சிக்கரும் வந்தனர். ஆரம்பத்தில் யப்பானிய ஒப்பந்தகாரர் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தனர். இலங்கைத் தோட்டங்களின் கங்காணி முறையை அறிந்தவர்க்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. 1902இல் வங்கியாளரும் வணிகரும் சேர்ந்து புதிய ஒப்பந்தக் கம்பனியொன்றை உருவாக்கி, ஆள் வழங்கும் தொழில் முழுவதையும் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். தொழிலாளி இரு தரகு செலுத்த வேண்டியவனானான். ஏக்கருக்கான கூலி குறைந்தது. கூலியின் ஒரு பகுதி காசாகவன்றிக் குறித்த கடைகளில் மாத்திரம் செல்லுபடியாகும் சீட்டாகக் கிடைத்தது. அக்கடைகளிலோ விலை அதிகம்.

1903 பெப்ரவரியில் ஏறத்தாழ ஐந்நூறு யப்பானியரும் இருநூறு மெக்சிக்கரும் கூடி யப்பானிய மெக்சிக்கத் தொழிற் சங்கத்தை அமைத்தனர். கொசாபுரோ பாபா தலைவரானார். மெக்சிக்கப் பிரிவின் செயலாளர் லிசாராஸ். கூட்டங்களில் யப்பானிய மொழியும் ஸ்பானிய மொழியும் பேசப்பட்டன. இரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் பாலமாயிற்று. ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்குமுன் இருமுறை மொழிபெயர்க்கப்பட வேண்டியிருந்த அச்சபையிலே, விளங்காமற் போனவை எத்தனையோ இருந்திருக்கும். ஆயினும் கூலி எவ்வளவு குறைந்ததென்பதை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்பட்டிருக்கமாட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் சங்கத்தின் தொகை ஆயிரத்திருநூறைத் தாண்டியது. மார்ச் 23இல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மெக்சிக்கத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமுற்றனர். அம்மாத இறுதியில் வேலைநிறுத்தம் வென்றது. ஒப்பந்தக் கம்பனி தன் உடன்படிக்கைகளிற் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது; தொழிலாளர் தோட்டக்காரருடன் நேரே கூலி பேசும் உரிமையைப் பெற்றனர்.

வென்ற சங்கம் அமெரிக்கத் தொழிற் சம்மேளனத்தின் அங்கீகாரப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தது. மே மாதத்தில் கொம்பர்ஸின் பதில் வந்தது. பத்திரம் தரப்படும், ஆயின் சீனரையோ யப்பானியரையோ எச்சந்தர்ப்பத்திலும் உறுப்பினராகச் சேர்க்கலாகாது. மெக்சிக்கர் உள்ளே வரலாம், யப்பானியர் வெளியே நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். லிசாராஸின் மறுமொழி எளிமையானது. யப்பானியத் தோழர் தம்முடன் சேர்ந்து ஆலோசித்தனர், பசித்தனர், போராடினர். அவர்களுக்குக் கிட்டாத சலுகையைத் தாம் மட்டும் பெறுவது அவர்களுக்கும் தமக்கும் தொழிற்சங்கக் கொள்கைக்கும் இழைக்கும் துரோகமாகும். இனபேதமின்றி எல்லோரையும் இணைக்கும் பத்திரம் தருவதாயின் தருக என்று அவர் எழுதினார். அத்தகைய பத்திரம் வரவில்லை. அங்கீகாரமும் பண உதவியுமின்றி அச்சங்கம் நெடுங்காலம் நிலைக்கவும் இல்லை.

கொம்பர்ஸை வெறும் தீயவராகச் சித்திரித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் அது வரலாற்று நோக்காகாது. அவர் இலண்டனில் 1850இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, பதின்மூன்று வயதில் நியூயோர்க்கிற் கால்வைத்து, சுருட்டுச் சுற்றிப் பிழைத்த தொழிலாளி. வந்தேறியின் வாழ்வை நூல்களில் அன்றித் தம் கைவிரல்களில் அறிந்தவர். அத்தகையவர் வேறொரு வந்தேறிக்கு எதிராகக் கதவை அடைக்க நேர்ந்தது எங்ஙனம்? அவரது தர்க்கம் இதுவே: ஆசியத் தொழிலாளி குறைந்த கூலிக்கு உழைப்பான், அவன் வருகையால் எல்லோர் கூலியும் வீழும், அவனைச் சங்கத்திற் சேர்த்து உயர்த்த முடியாது, ஆகவே அவனை நாட்டுக்குள் விடாதிருப்பதே தொழிலாளரைக் காக்கும் வழி. சான் பிரான்சிஸ்கோவில் 1877 முதல் டெனிஸ் கேர்ணி என்பாரின் தொழிலாளர் கட்சி எழுப்பிய கூச்சலும் இதுவே. அவரும் அயர்லாந்திலிருந்து வந்தவர். 1882இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் அதனைத் தம் வெற்றியாகக் கொண்டன. 1943இலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அத்தர்க்கத்தின் ஒரு கண்ணி ஆதியிலிருந்தே இற்றிருந்தது. சீனர் போராடத் தெரியாதவர் என்றனர். ஆனால் 1867 யூனிலே, மேற்குக் கரையிலிருந்து மலை குடைந்து புகையிரதப் பாதை அமைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். வெள்ளைத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டனர். கம்பனி அவர்களுக்குச் செல்லும் உணவை நிறுத்திப் போராட்டத்தை முறித்தது. அவர்கள் தோற்றது போராடத் தெரியாமையாலன்று. மலையுச்சியிற் பசித்திருந்தபோது அவர்களுக்கு ஒரு மூடை அரிசியேனும் அனுப்பச் சங்கம் எதுவும் இருக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒக்ஸ்நார்ட்டில் யப்பானியரும் மெக்சிக்கரும் அத்தர்க்கத்தை மீண்டுமொருமுறை பொய்ப்பித்தனர். கொம்பர்ஸோ கண்முன்னே நின்ற சான்றைக் காண மறுத்தார்.

இத்தவறு பழைய தலைமுறையினருக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்ணியாவின் கேர்ன் மாவட்டத்தில் டெலானோ என்னும் ஊர் உண்டு. 1965 செப்டெம்பரில் அங்கே லரி இற்லியோங் தலைமையிற் பிலிப்பீனியத் தொழிலாளர் முந்திரிகைத் தோட்டங்களில் வேலைநிறுத்தஞ் செய்ய, இரு வாரங்களுக்குள் செசார் சாவெஸின் தலைமையில் மெக்சிக்கத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். ஒக்ஸ்நார்ட்டின் இரு இனக் கூட்டு மீண்டும் உயிர்பெற்றதென்றே கூறலாம். அதன் விளைவாகத் தோன்றிய ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. அச்சங்கமே 1974இல், வேலைநிறுத்தக் காலத்திற் பத்திரங்களின்றி எல்லை கடந்துவந்து வேலைசெய்வோரைப் பற்றிக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு தன் கிளைகளைப் பணித்தது. அரிசோனா எல்லையில் எலுமிச்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது சங்கத்தினரே கூடாரமடித்து எல்லையைக் காவல் காத்தனர். அங்கே எல்லை கடக்க முயன்றோர் தாக்கப்பட்டனர் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன.

சாவெஸின் நெருக்கடி கற்பனையன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைநிறுத்தக்காரர் பட்டினி கிடக்க, அவர் விட்ட வேலையை வேறொருவர் செய்யும்போது ஏற்படும் ஆத்திரம் தொழிற்சங்க வாழ்வை அறிந்தோர் அனைவர்க்கும் தெரிந்ததே. ‘கருங்காலி’ என்ற சொல்லை அந்த ஆத்திரமே தமிழிலும் நிலைநிறுத்தியது. ஆனால் கருங்காலியை அவன் செயலால் இனங்காண்பது வேறு. அவன் பத்திரத்தால் இனங்காண்பது வேறு. குடியுரிமை உள்ளவன் கருங்காலியாகலாம். பத்திரமற்றவன் மறியலில் முன்னிற்கலாம். பேர்ட் கொரோனா போன்றோர் இதனையே அன்று வற்புறுத்தினர். 1968 முதல் பத்திரமற்ற தொழிலாளரிடையே அமைப்புப் பணி செய்துவந்த அவர், அவர்களைப் பகைவராக்குவது இயக்கத்தைத் தானே வெட்டிக்கொள்வதாகும் என்று வாதாடினார். நாளடைவிற் சங்கமும் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

குடிவரவுச் சட்டத்தின் காவலர் வேலைத்தலத்திற் புகும்போது நிகழ்வது யாது? 1976 டிசெம்பரிற் சிக்காகோவிலுள்ள சிறிய தோல் நிறுவனமொன்றின் தொழிலாளர் சங்கம் அமைப்பதற்கு வாக்களித்தனர். அவர்களுட் சிலரிடம் பத்திரம் இல்லையென்பதை முதலாளி முன்னரே அறிந்திருந்தார். அறிந்துகொண்டே வேலை வாங்கிய அவர், வாக்கெடுப்பில் தோற்றபின் சட்டப்பற்று மிக்கவராகி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1977 பெப்ரவரியில் ஐவர் கைதாகி, மெக்சிக்கோவுக்குப் புறப்படும் பஸ்ஸில் ஏற்றப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1984இல் அளிக்கப்பட்ட தீர்ப்பில், பத்திரமற்றோரும் தொழிலாளர் சட்டத்தின்படி தொழிலாளரே என்றும், சங்கம் அமைத்ததற்குப் பழிவாங்க அவர்களைக் காட்டிக்கொடுத்தது முறைகேடென்றும் நீதிபதிகள் கூறினர். ஆனால் நாட்டில் இல்லாதவர்க்கு இழந்த ஊதியம் கிடையாதென்ற நிலையையும் அதே தீர்ப்பு ஏற்படுத்தியது. தவறு முதலாளியுடையது, தண்டனையோ தொழிலாளிக்கு.

அவ்வழக்கில் ஓர் உண்மை பளிச்சிடுகிறது. பத்திரமற்ற தொழிலாளி முதலாளிக்கு வேண்டாதவனல்லன். அவன் பேசாதிருக்கும்வரை மிக வேண்டியவன். குடிவரவுச் சோதனை அவனை உழைப்புச் சந்தையிலிருந்து அகற்றுவதிலும் பார்க்க, அவன் வாயை அடைப்பதிலேயே பெரிதும் வெற்றி பெறுகிறது. பத்துப் பேர் வேலைசெய்யும் இடத்தில் மூவர் வாய் திறக்க அஞ்சுவராயின் ஏனைய எழுவரின் குரலும் வலுவிழக்கும். பாதுகாப்பற்ற இயந்திரத்தைப் பற்றி முறையிட ஆளில்லை. மேலதிக நேரக் கூலி கொடாமை பற்றிச் சாட்சி சொல்ல ஆளில்லை. பத்திரமுள்ள எழுவரும் தம்மையறியாமலே அந்த அச்சத்தின் பங்காளிகளாகின்றனர். கூலியை வீழ்த்துவது வந்தவனின் வருகையா, அன்றி வந்தவன்மேற் கவிந்த அச்சமா என்ற வினாவுக்கு இங்கேதான் விடை உண்டு.

ஆயினும் தொழிற்சங்கத் தலைமைகள் இதனை உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1986இல் நிறைவேறிய குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்குச் சட்டபூர்வ வதிவிட உரிமையை அளித்தது. அதேவேளை, பத்திரமற்றோரை அறிந்தும் வேலைக்கமர்த்தும் முதலாளிக்குத் தண்டனை விதித்தது. பிந்திய ஏற்பாட்டை அன்றைய தொழிற்சங்கச் சம்மேளனம் ஆதரித்தது. முதலாளியைத் தண்டித்தால் வேலை வாய்ப்பு அற்றுப்போகும், அதனால் வருகையும் நின்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. பத்திரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு முதலாளியிடம் சென்றது. எப்போது சரிபார்ப்பதென்பதும் அவர் கையிலேயே இருந்தது. சங்கம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் பத்திரம் கேட்கும் வழக்கம் பரவியது. தண்டிப்பதற்கென ஆக்கப்பட்ட சட்டம், தண்டிக்கப்படவேண்டியவரின் கையாயுதமாயிற்று.

மாற்றம் கீழிருந்து வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் உயர்ந்த மாடிக் கட்டிடங்களை இரவில் துடைத்துக் கழுவும் சுத்திகரிப்புத் தொழிலாளரின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முன்னர் அவ்வேலையைச் செய்தோரிற் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். நல்ல சங்கமும் தக்க ஊதியமும் அவர்க்கு இருந்தன. 1980களில் ஒப்பந்தக் கம்பனிகள் அவர்களை நீக்கி, எல்சல்வடோர், குவாத்தமாலா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை அரைக்கூலிக்கு அமர்த்தின. கொம்பர்ஸின் அச்சம் இங்கு மெய்யானது போலவே தோன்றும். சங்கத்தின் முன் இரு வழிகள் இருந்தன: புதியோரைப் பிடித்துத் துரத்துமாறு அரசைக் கேட்பது, அல்லது அவர்களையே சங்கத்திற் சேர்ப்பது. 1988 முதல் அது இரண்டாவதைத் தெரிந்தெடுத்தது.

உள்நாட்டுப் போரையும் கொலைப் படைகளையும் கண்டு தப்பிவந்த பலர் அத்தொழிலாளரிடையே இருந்தனர். தத்தம் நாட்டில் தொழிற்சங்கத்துக்காக உயிரைப் பணயம் வைத்தோர் இங்கு மறியலுக்கு அஞ்சுவரோ? 1990 யூன் 15இல் செஞ்சுரி சிற்றி என்னும் பகுதியில் அமைதியாக ஊர்வலஞ் சென்ற அவர்களைப் பொலிசார் தடிகொண்டு தாக்கினர், பலர் காயமுற்றனர். அக்காட்சி நாடெங்கும் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. சில கிழமைகளில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2000 ஏப்ரிலில் அந்நகரின் சுத்திகரிப்புத் தொழிலாளர் மூன்று கிழமை வேலைநிறுத்தஞ் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். எனினும் 1980களில் வேலை இழந்த கறுப்பினத் தொழிலாளர் அனைவர்க்கும் அவ்வேலை மீண்டதென்று கூறுவதற்கில்லை. அவர் இழப்பு மெய்யானது. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவ்விழப்பை விளைத்தவர் இரவில் நிலந் துடைக்க வந்த பெண்ணல்லர் என்பதும் அத்துணை மெய்.

2000 பெப்ரவரியில் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் கூடிய தேசியத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் நிறைவேற்றுச் சபை, 1986இல் தான் ஆதரித்த தண்டனை ஏற்பாட்டை நீக்க வேண்டுமென்றும், பத்திரமின்றி வாழ்வோர்க்குப் பொதுமன்னிப்பு அளிக்க வேண்டுமென்றும் தீர்மானித்தது. கொம்பர்ஸ் அமர்ந்த ஆசனத்தின் வாரிசுகள், லிசாராஸின் கடிதத்துக்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து எழுதிய பதிலென இதனைக் கொள்வதில் தவறில்லை.

தீர்மானம் எழுதுவது ஒன்று. அதன்படி நிற்பது வேறொன்று. 2003 செப்டெம்பரில், அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கறுப்பின மக்கள் சமஉரிமை கோரி 1961இல் நடத்திய சுதந்திர யாத்திரையின் நினைவாக, குடிவரவுத் தொழிலாளர் சுதந்திர யாத்திரையொன்றைத் தொழிற்சங்கங்கள் ஒழுங்குசெய்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் உணவு விடுதித் தொழிலாளர் சங்கத்தின் தலைவியும், பண்ணைக் கூலிகளாக உழைத்த மெக்சிக்கக் குடும்பத்தின் மகளுமான மரியா எலெனா டுராசோ அதற்குத் தலைமை தாங்கினார். பத்து நகரங்களிலிருந்து பஸ்கள் புறப்பட்டன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேர் பயணஞ் செய்தனர். குடியுரிமை உள்ளோரும், வதிவிட உரிமை மட்டும் உள்ளோரும், எதுவுமே இல்லாதோரும் அவர்களுள் இருந்தனர்.

டெக்ஸாஸ் மாநிலத்தின் சியரா பிளாங்கா என்னும் சோதனை நிலையத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் பஸ்கள் இரண்டை எல்லைக் காவலர் மறித்தனர். ஒவ்வொருவராக வினவினர். பயணிகள் முன்னரே ஒரு முடிவு செய்திருந்தனர்: குடியுரிமை பற்றிய வினாவுக்கு எவரும் விடையிறுப்பதில்லை. ஓர் அமெரிக்கப் பிரசை “நான் இந்நாட்டவன்” என்று ஒரு வார்த்தை கூறியிருப்பின் அக்கணமே விடுபட்டிருப்பார். ஆனால் அவர் கூறும் அவ்வொரு வார்த்தை, கூறமுடியாத அயலவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அனைவரும் மௌனங்காத்தனர். பின்னர் பாடினர். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுச் சிறு சிறு அறைகளில் அடைக்கப்பட்டபோதும் பாட்டு நிற்கவில்லை. சில மணிநேரத்தின் பின் அத்தனை பேரும் விடுவிக்கப்பட்டனர். யார் யார் பத்திரமற்றவர் என்பதைக் காவலர் கண்டுகொள்ளவேயில்லை.

தோழமை என்னும் சொல் மேடைகளில் மலிந்து தேய்ந்துபோன ஒன்று. அதன் பொருளைச் சியரா பிளாங்காவின் மௌனத்தில் தெளிவாகக் காணலாம். உரிமை உள்ளவன் தன் உரிமையைச் சிறிது நேரம் பையிலிட்டு மூடி, உரிமையற்றவனோடு ஒரே ஐயத்துக்கு ஆளாகி நிற்கும் செயல் அது. தனக்கு மட்டும் தரப்பட்ட பத்திரத்தை லிசாராஸ் மறுத்ததும் இதே செயலே.

இலங்கை வாசகர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. கொழும்பின் தொழிலாளரைத் திரட்டி 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர் ஏ. ஈ. குணசிங்க. சகல இனத் தொழிலாளரின் தலைவராகத் தொடங்கிய அவர், வேலையின்மை பெருகிய 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்திற் சென்று சேர்ந்தார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையிலே மலையாளிகள் பெருமளவினராயிருந்த தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்களுடன் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வாவும் இளம் இடதுசாரிகளுமே. குணசிங்கவோ எதிரணியில் நின்றார். வந்தவனை விலக்கினால் இருப்பவன் உயர்வான் என்ற வாதம் பின்னர் எங்கே சென்று முடிந்ததென்பதை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் காட்டும். இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ‘கள்ளத்தோணி’ என்ற ஒரு சொல், தலைமுறைகளாகக் கொழுந்து கொய்த கைகளின் உழைப்பை மறைக்கப் போதுமானதாயிற்று. அமெரிக்காவில் ‘சட்டவிரோதி’ என்ற சொல் செய்யும் வேலையும் இதுவே: ஒரு மனிதன் செய்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமற்போய், அவன் கடந்த எல்லை மட்டும் தெரிகிறது.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இப்பாடத்தை மீண்டும் பரீட்சைக்கு உட்படுத்தியுள்ளன. 2025 சனவரியில் எல்லைக் காவலர் கேர்ன் மாவட்டத்திற் புகுந்து, பண்ணைத் தொழிலாளர் செல்லும் வீதிகளிலும் கடை முற்றங்களிலும் ஆட்களை மறித்துப் பிடித்தனர். அம்மாவட்டத்திலேதான் டெலானோ உள்ளது. அதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றது ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம். அரை நூற்றாண்டுக்கு முன் எல்லையிற் கூடாரமடித்துக் காவல் காத்த அதே சங்கம். தகுந்த ஐயமின்றி எவரையும் மறிக்கலாகாதென ஏப்ரில் இறுதியில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார்.

2025 யூன் 6இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆடைத்தொழிற் பகுதியில் குடிவரவு அதிகாரிகள் தேடுதல் நடத்தினர். அவ்விடத்துக்குச் சென்ற டேவிட் ஹுவெர்டா கீழே வீழ்த்தப்பட்டுக் கைது செய்யப்பட்டார். கலிபோர்ணியாவின் சேவைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர். நிலந் துடைப்போரின் சங்கத்துக்கும் தலைவர். வாகனத்துக்கு வழிமறித்தார் என்றனர் அதிகாரிகள். நடப்பதைப் பார்வையிடும் உரிமையைப் பயன்படுத்தினார் என்றது சங்கம். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் மூன்று நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். யூன் 9இல் பல நகரங்களிலே தொழிற்சங்கங்கள் அவரை விடுவிக்கக் கோரி வீதிக்கு வந்தன. அன்றே ஐம்பதினாயிரம் டொலர் பிணையில் அவர் விடுவிக்கப்பட்டார். அவர்மீது முதலிற் சாட்டப்பட்ட பாரிய குற்றச்சாட்டு அவ்வாண்டு ஒக்டோபரில் சிறுகுற்றமாகக் குறைக்கப்பட்டது. அவர் கைதான அதே யூன் 6இல், மார்ச்சில் தவறுதலாக எல்சல்வடோருக்கு நாடுகடத்தப்பட்ட தகட்டுத் தொழிற் பயிலுநர் ஒருவர் அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். அவர்மீது வேறு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டமை உண்மை. ஆனால் அவர் எமது உறுப்பினர், அவருக்கும் நீதி விசாரணை உண்டு என்று ஆரம்பமுதல் வற்புறுத்தியது அவரது தொழிற்சங்கமே.

எல்லாச் சங்கங்களும் இவ்வணியில் நிற்கின்றன என்று எண்ணுவது மயக்கம். எல்லைக் காவலருக்கும் தொழிற்சங்கம் உண்டு; அது 2016இல் டொனால்ட் டிரம்ப் அவர்களின் வேட்பாண்மையை ஆதரித்தது. சாதாரண உறுப்பினரிடையேயும், வந்தவரால் வேலை போகிறது என்ற எண்ணம் மறையவில்லை. வேலை இழப்பவரின் துயரை ஏளனஞ் செய்து அவ்வெண்ணத்தை அகற்ற முடியாது. அவர் இழந்ததை யார் எடுத்துக்கொண்டார் என்பதைப் பொறுமையோடு காட்டுவதே சங்கத்தின் பணி. அத்தகைய உறுப்பினரை இகழ்ந்து ஒதுக்கும் சங்கமும், பத்திரமற்றோரை ஒதுக்கிய சங்கத்தின் தவறையே வேறொரு வடிவில் புரிவதாகும்.

நாட்டின் எல்லையை வரையறுக்கும் உரிமை அரசுக்கு உண்டென்பதைத் தொழிற்சங்கங்கள் பொதுவாக மறுத்ததில்லை. தொழிற்சங்கத்தின் வினா வேறு. ஒரே மேசையில் உழைப்போரிடையே அவ்வெல்லைக் கோட்டைக் கொண்டுவந்து வரையலாமா என்பதே அது. வரையலாமென்று கொம்பர்ஸ் கருதினார். அவர் காலத்துச் சம்மேளனம் பலம் பெற்றது, ஆனால் கலிபோர்ணியாவின் வயல்கள் மேலும் பல்லாண்டுகள் சங்கமின்றிக் கிடந்தன. வரையலாகாதென்று லிசாராஸ் கருதினார். அவர் சங்கம் அழிந்தது. உடனடி இலாப நட்டம் பார்ப்போர்க்கு அவர் தோற்றவரே. எனினும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கட்டிடங்களிலே இரவில் நிலந் துடைப்போர் பலர் இன்று தம் சங்க அட்டையைக் கையில் வைத்திருக்கின்றனர். அவ்வட்டையைப் பெறும்போது அவர்களிடம் எவரும் எந்நாட்டவர் என்று கேட்கவில்லை. ஒக்ஸ்நார்ட் சங்கத்துக்குக் கிட்டாத பத்திரம் அதுவே.